இடதுசாரி மாணவரும் கல்லூரித் தெரிவும்: இலண்டன் பொருளியற் கல்லூரியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

தீவிர அரசியற் கருத்துடைய மாணவன் ஒருவனுக்கு ஏற்ற கல்லூரி எது? மேலைநாடுகளில் உயர்கல்வி பெறச் செல்லும் இளைஞரிடையே இவ்வினா பல தலைமுறைகளாக எழுந்து வந்துள்ளது. ஒவ்வொரு காலத்திலும் அதற்கு ஆயத்தமான ஒரு விடையும் இருந்தது. சில கல்லூரிகள் 'சிவப்பு' என்னும் பெயரைப் பெற்றன. அப்பெயரைக் கேட்டுப் பெற்றோர் அஞ்சினர், அரசாங்கங்கள் ஐயுற்றன, இளைஞர் விரும்பினர்.

இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திலே குடியேற்ற நாட்டு மாணவர் மத்தியில் அப்பெயரை மிகுதியாகப் பெற்றிருந்தது இலண்டன் பொருளியற் கல்லூரியாகும். இலங்கை இடதுசாரி இயக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் அக்கல்லூரியின் பெயரைக் குறிப்பிடாது செல்வது அரிது. ஆயினும், 'இலண்டனுக்குச் சென்றனர், மார்க்சியராக மீண்டனர்' என்ற ஒரு வாக்கியத்துடன் அப்பகுதி பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. அவர்கள் அங்கு சென்றமைக்குக் காரணங்கள் யாவை, அக்கல்லூரி உண்மையில் எத்தகையது, அது தன் மாணவருக்கு வழங்கியது எது, வழங்காதது எது என்பன விரிவாக நோக்கற்பாலன. ஒரு கல்லூரியின் பெயருக்கும் அதன் பயனுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விளக்குவதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டைக் காண்பது கடினம்.

1. கல்லூரியின் தோற்றமும் அதன் முரண்பாடும்

பேபியன் சங்கத்தின் உறுப்பினராயிருந்த ஹென்றி ஹண்ட் ஹட்சின்சன் என்னும் வழக்கறிஞர் 1894இல் இறந்தபொழுது, ஏறத்தாழ 20,000 பவுண் சொத்தினைச் சங்கத்தின் நோக்கங்களுக்கென விட்டுச் சென்றார். அப்பணத்தை எவ்வாறு செலவிடுவது என்பதிலே சங்கத்தினுள் கருத்து வேறுபாடு தோன்றிற்று. அது சோசலிசப் பிரசாரத்துக்கே உரியது என்பது பெர்னாட் ஷாவின் நிலைப்பாடு. சமுதாயத்தை மாற்ற விழைபவர் முதலில் அதனை ஆராய்ந்து அறிய வேண்டும். ஆதலின் அப்பணத்தைக் கொண்டு பொருளியல், அரசறிவியல் ஆகியவற்றைக் கற்பிக்கும் ஒரு நிறுவனத்தை உருவாக்க வேண்டும் என்பது சிட்னி வெப், பியற்றிஸ் வெப் தம்பதியரின் கருத்து. வெப் தம்பதியரின் கருத்தே வென்றது. 1895இல் வாடகை அறைகளிலே கல்லூரி தொடங்கப்பட்டது. 1900இல் அது இலண்டன் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாயிற்று.

சோசலிஸ்டுகள் தொடங்கிய கல்லூரி சோசலிசக் கல்லூரியாக அமையவில்லை என்பது இவ்விடத்துக் கவனிக்கத்தக்கது. அதன் முதல் இயக்குநரான ஹியூவின்ஸ் பேபியன் சங்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவர் பின்னாளிற் பழைமைவாதக் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினரானார். 1920களிற் கல்லூரி பெருவளர்ச்சி கண்டபொழுது, அவ்வளர்ச்சிக்கு உதவிய நன்கொடைகளுட் பெரும்பகுதி அமெரிக்க முதலாளித்துவத்தின் அடையாளமான றொக்பெல்லர் குடும்பத்தின் நிதியத்திலிருந்து வந்தது. ஹூட்டன் வீதியில் எழுந்த புதிய கட்டடத்துக்கு 1920இல் அடிக்கல் நாட்டியவர் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர். அரசரின் அடிக்கல்லும், அமெரிக்கக் கோடீசுவரரின் பணமும், பேபியன்களின் எண்ணமும் ஒரே கட்டடத்திற் கலந்திருந்தன எனலாம்.

2. தெரிவின் உண்மையான காரணங்கள்

இத்தகைய கல்லூரியைக் குடியேற்ற நாட்டு மாணவர் நாடியது ஏன்? புரட்சியைக் கற்பதற்காகவே கப்பலேறினர் என்று கருதுவது பிற்காலப் பெருமையை முற்காலத்தின்மீது ஏற்றிக் கூறுவதாகும். காரணங்கள் பெரும்பாலும் நடைமுறை சார்ந்தவை.

முதலாவது காரணம் பரீட்சை முறை. 1921இல் கொழும்பிலே நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி தனக்கெனப் பட்டம் வழங்கும் உரிமை அற்றிருந்தது. அது தன் மாணவரை இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டப் பரீட்சைகளுக்கே ஆயத்தம் செய்தது. எனவே இலங்கை மாணவனுக்கு இலண்டன் பாடத்திட்டம் புதியதன்று. கொழும்பில் இருந்தபொழுதே அவன் ஒருவகையில் இலண்டன் மாணவனாகத்தான் இருந்தான்.

இரண்டாவது காரணம் தொழில். குடியேற்ற நாட்டு மத்தியதர வர்க்கத்துக்கு உயர்வு தரும் வாயில்கள் இரண்டு: சிவில் சேவை, வழக்கறிஞர் தொழில். சிவில் சேவைப் போட்டிப் பரீட்சை இலண்டனில் நடைபெற்றது. பாரிஸ்டர் பட்டம் வழங்கும் சட்டச் சங்கங்களும் இலண்டனிலேயே இருந்தன. அச்சங்கங்களில் ஒவ்வொரு தவணையிலும் குறிக்கப்பட்ட எண்ணிக்கையான இராப்போசனங்களில் அமர்ந்து உண்பது பாரிஸ்டர் ஆவதற்குரிய நிபந்தனைகளுள் ஒன்றாகும். லிங்கன்ஸ் இன் என்னும் சட்டச் சங்கத்திலிருந்து ஹூட்டன் வீதிக்குச் சில நிமிட நடை. கிங்ஸ் கல்லூரியும் அருகிலேயே இருந்தது. பகலில் விரிவுரை, மாலையிற் சட்டச் சங்கத்து உணவு, இடைநேரத்திற் பிரித்தானிய நூதனசாலையின் வாசிகசாலை என ஒரு மாணவன் தன் நாளை வகுத்துக் கொள்ளலாம். தந்தையின் பணத்துக்குப் பாரிஸ்டர் பட்டம் கணக்காயிற்று; மகனின் ஆர்வத்துக்கு அரசறிவியல் இடம் தந்தது.

மூன்றாவது காரணம் அக்கல்லூரியின் திறந்த தன்மை. பகலில் வேலை செய்வோரை மனங்கொண்டு மாலை வகுப்புகள் நடத்தப்பட்டன. பெண்கள் தொடக்கத்திலிருந்தே அனுமதிக்கப்பட்டனர். ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் ஆகியவற்றில் நிலவிய விடுதி வாழ்க்கையும் அதற்குரிய செலவும் குலப்பெருமையும் இங்கு கட்டாயமாக இருக்கவில்லை.

இத்திறந்த தன்மையின் பயனை அம்பேத்கரின் வாழ்வு காட்டுகின்றது. பரோடா அரசின் புலமைப்பரிசிலைப் பெற்று அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் கற்ற அவர், 1916இல் இலண்டன் பொருளியற் கல்லூரியிற் சேர்ந்தார். புலமைப்பரிசிற் காலம் முடிவுற்றமையால் இடைநடுவே நாடு திரும்ப நேர்ந்தது. பம்பாயில் விரிவுரையாளராகப் பணியாற்றிச் சேமித்த பணத்தோடும் பிறரின் உதவியோடும் 1920இல் மீண்டும் சென்று, 1923இல் இந்திய நாணயப் பிரச்சினை பற்றிய ஆய்வுக்காகக் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவரை மேற்பார்வை செய்த எட்வின் கனன் சோசலிஸ்ட் அல்லர். ஆயினும் இந்தியாவின் சாதியமைப்பு மறுத்த இருக்கையை ஒரு கல்லூரி வழங்கியது என்பதே அங்கு பெரிய செய்தி.

3. லாஸ்கியும் எதிர்முகாமும்

கல்லூரி 'சிவப்பு' என்னும் பெயரைப் பெற்றமைக்கு ஹரோல்ட் லாஸ்கி முதன்மைக் காரணர் என்பதில் ஐயமில்லை. 1893இல் மஞ்செஸ்டரிற் பிறந்த லாஸ்கி, அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்திற் கற்பித்தவர். 1919இல் பொஸ்டன் நகரப் பொலிஸார் வேலைநிறுத்தம் செய்தபொழுது அவர்களுக்கு ஆதரவாகப் பேசிக் கண்டனத்துக்குள்ளானார். 1920இல் இலண்டன் பொருளியற் கல்லூரியிற் சேர்ந்து, 1926இல் பேராசிரியராகி, 1950இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார்.

இந்திய மாணவர் அவர்மீது கொண்ட நம்பிக்கைக்கு ஒரு வழக்கு காரணமாயிற்று. ஜாலியன்வாலா பாக் படுகொலைக் காலத்திலே பஞ்சாப்பின் லெப்டினன்ட் கவர்னராயிருந்த மைக்கல் ஓட்வையர், தம்மைக் குறைகூறி எழுதிய சங்கரன் நாயர்மீது 1924இல் இலண்டனில் மானநட்ட வழக்குத் தொடுத்தார். யூரர்களுட் பதினொருவர் ஓட்வையர் பக்கம் நின்றனர். ஒருவர் மட்டும் மாறுபட்டார். அந்த ஒருவர் லாஸ்கி. அதன்பின் அவருடைய விரிவுரை மண்டபத்தில் இந்திய முகங்கள் நிறைந்திருந்ததில் வியப்பில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தம் இல்லத்தில் மாணவருக்குத் தேநீர் அளித்து உரையாடுவதும் அவரது வழக்கம். தாழ்வாரத்திற் கண்டும் காணாதது போலச் செல்லும் பேராசிரியர்களையே கண்டிருந்த குடியேற்ற நாட்டு இளைஞனுக்கு, ஆசிரியரின் வீட்டு வாயில் திறந்திருந்தமை புதுமையான அனுபவமாயிற்று.

ஆயினும் அக்கல்லூரியில் லாஸ்கியின் குரல் மட்டுமே ஒலித்தது எனக் கொள்வது தவறு. 1929இல் பேராசிரியரான லயனல் றொபின்ஸ், 1931இல் வியன்னாவிலிருந்து வந்து சேர்ந்த ஹயெக் ஆகியோர் பொருளியற்றுறையில் சோசலிசத்தின் வலிமையான எதிர்ப்பாளராக விளங்கினர். திட்டமிட்ட பொருளாதாரம் மனித சுதந்திரத்தை அழிக்கும் என்னும் வாதத்தை உலகெங்கும் பரப்பிய நூலினை ஹயெக் 1944இல் வெளியிட்டபொழுது, அவரும் லாஸ்கியும் ஒரே கல்லூரியின் பேராசிரியர்களாகவே இருந்தனர். மாணவன் ஒரு மண்டபத்திற் கேட்ட கருத்தை அடுத்த மண்டபத்திற் சோதிக்க வேண்டியவனானான். மார்க்சியத்தைத் தழுவியவன் அதன் வன்மையான மறுப்பினைக் கேட்ட பின்பே தழுவினான். அல்லது கேட்டும் தழுவினான். தனக்கு உடன்பாடான கருத்தை மட்டுமே போதிக்கும் கல்லூரியில் இப்பயிற்சி கிட்டியிராது.

இதன் விளைவுகளும் ஒருதிசைப்பட்டன அல்ல. அங்கு கற்ற மினூ மசானி 1934இல் காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவர். 1959இல் தனியார் முயற்சியைப் போற்றும் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தோருள்ளும் அவர் ஒருவர்.

4. சுவர்களுக்கு வெளியே

கல்லூரியின் பாடத்திட்டத்தைக் காட்டிலும் அது அமைந்திருந்த நகரமே அக்கால மாணவரைப் பெரிதும் மாற்றியது. 1929இன் பின் தோன்றிய பொருளாதார மந்தம், வேலையற்றோரின் ஊர்வலங்கள், ஜெர்மனியில் நாசிசத்தின் எழுச்சி, 1936இல் தொடங்கிய ஸ்பானிய உள்நாட்டுப் போர் ஆகியன வீதிகளிலே நாள்தோறும் விவாதிக்கப்பட்டன. குடியேற்ற நாட்டிலே வெள்ளையனை அதிகாரியாகவும் தோட்டத் துரையாகவும் மட்டுமே கண்டிருந்த மாணவன், இங்கு வேலையின்றி வரிசையில் நிற்கும் வெள்ளைத் தொழிலாளியைக் கண்டான். ஏகாதிபத்தியம் ஓர் இனத்தின் பண்பு அன்று, ஒரு பொருளாதார அமைப்பின் பண்பு என்னும் உண்மை அவனுக்கு நூலின்றியே விளங்கிற்று.

கோழிக்கோட்டிற் பிறந்து சென்னையிற் கற்ற வி. கே. கிருஷ்ணமேனன் 1924இல் இலண்டன் சென்றார். பொருளியற் கல்லூரியில் லாஸ்கியின் மாணவராகிப் பட்டங்கள் பெற்றார். அவருடைய உண்மையான களம் இந்திய லீக் ஆயிற்று. அதன் செயலாளராகப் பிரித்தானியத் தொழிற்சங்கங்களிலும் தொழிற்கட்சிக் கிளைகளிலும் இந்திய விடுதலை பற்றிப் பேசினார். 1934 முதல் 1947 வரை சென் பங்கிறாஸ் நகரப் பகுதியின் சபை உறுப்பினராகவும் இருந்தார். பிற்காலத்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, 1935இல் சட்டம் கற்க இலண்டன் சென்று, லாஸ்கியின் விரிவுரைகளையும் கேட்டு, 1940இல் பொதுவுடைமையாளராக நாடு மீண்டார். கென்யாவின் யோமோ கென்யாட்டா, மாலினோவ்ஸ்கியிடம் மானிடவியல் கற்று, தம் கிக்கூயு மக்களைப் பற்றி எழுதிய ஆய்வினை 1938இல் நூலாக வெளியிட்டார். ஐரோப்பியர் பிறரை ஆராய்வதற்கு உருவாக்கிய ஒரு துறையை, ஆராயப்பட்டவர்களுள் ஒருவர் தம் மக்களின் நில உரிமைக்கு வாதாடும் கருவியாக மாற்றினார்.

5. சுதந்திரத்தின் எல்லை

இக்கல்லூரியின் தாராளத் தன்மைக்கும் எல்லை இருந்தது. 1934ஆம் ஆண்டு அதனைத் தெளிவாகக் காட்டியது. அவ்வாண்டு லாஸ்கி மொஸ்கோவில் நிகழ்த்திய விரிவுரைகளைக் குறித்துப் பத்திரிகைகளும் பாராளுமன்ற உறுப்பினர் சிலரும் கண்டனம் எழுப்பினர். பேராசிரியர் ஒருவரின் கல்லூரிக்கு வெளியேயான பேச்சு எவ்வளவுக்கு அவருடைய சொந்த உரிமை என்னும் வினா எழுந்தது.

அதே ஆண்டில் இடதுசாரி மாணவரின் ஏடு ஒன்று, முன்னர் இந்தியப் பொலிஸ் சேவையிற் பணியாற்றிய பேராசிரியர் ஒருவர் குடியேற்ற நாட்டு மாணவரை வேவு பார்க்கிறார் எனக் குற்றஞ்சாட்டிற்று. இயக்குநர் பெவரிஜ் கடும் நடவடிக்கை எடுத்தார். மாணவர் ஒன்றியத் தலைவரும் அமெரிக்கப் பொதுவுடைமையாளருமான பிராங் மேயர் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் பிரித்தானியாவிலிருந்தும் வெளியேற்றப்பட்டார். குற்றச்சாட்டின் உண்மை எதுவாயினும், அது எழுந்தமையே குடியேற்ற நாட்டு மாணவர் எத்தகைய அச்சத்தோடு வாழ்ந்தனர் என்பதை உணர்த்துகின்றது. மேயரின் பிற்கால வாழ்வு வேறொரு பாடத்தையும் தருகின்றது. அவர் பொதுவுடைமையைக் கைவிட்டு அமெரிக்கப் பழைமைவாதத்தின் முக்கிய சிந்தனையாளருள் ஒருவரானார். கல்லூரியை எதிர்த்து நின்ற தீவிரம், கொள்கை உறுதிக்கு உத்தரவாதம் அன்று.

6. விஸ்கொன்சினும் கேம்பிறிட்ஜும்

இலண்டன் ஒன்றே வழியாக இருக்கவில்லை. இலங்கை இடதுசாரி இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான பிலிப் குணவர்த்தன முதலிற் சென்றது அமெரிக்காவுக்கு. 1922இல் இலினோய் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, பின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக்கு மாறி விவசாயப் பொருளியல் கற்றார். அங்கு அவரோடு கற்றவர் ஜெயப்பிரகாஷ் நாராயண்.

ஜெயப்பிரகாஷ் விஸ்கொன்சினை அடைந்த வழி சிந்தனைக்குரியது. முதலிற் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த அவர், கட்டண உயர்வைத் தாங்கமாட்டாது அயோவாவுக்குச் சென்றார். அங்கிருந்து விஸ்கொன்சினுக்கு வந்தார். திராட்சைத் தோட்டத்திலும் உணவகங்களிலும் கூலிவேலை செய்து படித்தார். மார்க்சின் மூலதனத்தை அவர் கற்றது விஸ்கொன்சினில். கட்டணமே அவரை அங்கு கொண்டுபோய்ச் சேர்த்தது. கூலி வேலையே அந்நூலுக்கு உரை எழுதியது.

எனினும் அங்கு வளமான நிலம் முன்னரே பண்படுத்தப்பட்டிருந்தது. வேலைநிறுத்தங்களை ஆதரித்தார் என 1894இல் பொருளியற் பேராசிரியர் றிச்சட் ஈலிமீது குற்றஞ்சாட்டப்பட்டபொழுது, அப்பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு விசாரணை நடத்தி அவரை விடுவித்ததோடு, உண்மையைத் தேடும் ஆய்வுச் சுதந்திரத்தையும் ஏற்று அறிக்கை வெளியிட்டது. அவ்வறிக்கையின் வாசகத்தைப் பொறித்த பட்டயத்தை மாணவர் 1910இல் அன்பளிப்புச் செய்தனர். அதனை நிறுவ அதே நிறுவனம் ஐந்தாண்டுகள் தயங்கிற்று என்பதும் வரலாறு. சுதந்திரம் ஒருமுறை பிரகடனம் செய்யப்பட்டமையால் மட்டும் நிலைத்துவிடுவதில்லை.

கேம்பிறிட்ஜின் நிலை இதற்கு மாறானது. ஆளும் வர்க்கத்தின் பிள்ளைகளுக்கென அமைந்த அப்பல்கலைக்கழகத்தில், 1930களிலே பொருளியலாளர் மொறிஸ் டொப் போன்றோரின் ஆதரவோடு பொதுவுடைமைக் குழு ஒன்று வளர்ந்தது. அங்கு கற்ற தமிழரான மோகன் குமாரமங்கலமும் இலங்கையரான பீற்றர் கெனமனும் கேம்பிறிட்ஜ் விவாத ஒன்றியத்தின் தலைவர்களாயினர். அரசறிஞர்களை உருவாக்குவதற்கென ஏற்பட்ட அவையின் தலைமை ஆசனத்தில் ஏகாதிபத்தியத்தின் எதிரிகள் அமர்ந்தனர். இடதுசாரி மாணவருக்கு முற்றிலும் பொருந்தாதது எனத் தோன்றிய இடமும் அவர்களை உருவாக்கிற்று.

7. கப்பலேறாதவர்கள்

மேலே கூறப்பட்டவர்களுட் பெரும்பாலோர் வசதி படைத்த குடும்பத்தினர். கப்பலேற வகையற்றோர் தமக்குக் கிட்டிய இடத்தையே களமாக்கினர். யாழ்ப்பாணத்தில் 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. அதன் முன்னணியில் நின்ற ஹண்டி பேரின்பநாயகம் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய யாழ்ப்பாணக் கல்லூரியோடு மாணவராகவும் ஆசிரியராகவும் தொடர்பு கொண்டிருந்தவர். சாதி வேறுபாடின்றிச் சமமாக அமர்ந்து உண்ணுதல், தாய்மொழிக் கல்வி, பூரண சுயராச்சியம் ஆகியவற்றை அவ்வியக்கம் வலியுறுத்திற்று. 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழான தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி அது விடுத்த அழைப்பு யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிறைவேறியது. மதமாற்ற நோக்கோடு தொடங்கப்பட்ட கல்லூரிச் சூழலில் இருந்து இத்தகைய இயக்கம் எழுந்தமை, நிறுவியோரின் நோக்கமும் கற்றோரின் பயனும் வேறு வேறு என்பதற்கு மற்றுமொரு சான்று.

மானிப்பாயைச் சேர்ந்த நா. சண்முகதாசன் பொதுவுடைமையாளரானது கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிலேயே ஆகும். அக்கல்லூரி 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமாக மாறிற்று. 1943இல் தம் படிப்பை முடித்த அவர் உத்தியோகத்தை நாடாது, அவ்வாண்டு உருவான இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சியின் முழுநேர ஊழியரானார். கேம்பிறிட்ஜிலிருந்து மீண்ட கெனமன், அ. வைத்தியலிங்கம் போன்றோர் கொண்டுவந்த கருத்து, கப்பலேறாத மாணவரையும் வந்தடைந்தது.

8. மீண்டவர்களின் பாதை

இலண்டனிலிருந்து மீண்டோரின் சாதனை குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. லாஸ்கியின் மாணவரான என். எம். பெரேரா, பொருளியற் கல்லூரியிற் கற்ற லெஸ்லி குணவர்த்தன, கிங்ஸ் கல்லூரியில் இலங்கை வரலாற்றை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்ற கொல்வின் ஆர். டி சில்வா, அமெரிக்காவிலிருந்து இலண்டன் வழியாக வந்த பிலிப் குணவர்த்தன ஆகியோர் 1930களின் தொடக்கத்தில் நாட்டிலே ஒன்றுகூடினர். பொருளியற் கல்லூரியின் மாணவியாயிருந்த டொறீன் யங் என்னும் ஆங்கிலப் பெண் இலங்கை வந்து, 1933இல் சூரியமல் இயக்கத்தின் முன்னணியில் நின்றார். 1934 - 35 மலேரியாக் கொள்ளைநோயின்போது இவ்விளைஞர் கிராமங்களிற் சென்று பணிபுரிந்தனர். பசித்தோருக்குப் பருப்பு வழங்கிய என். எம். பெரேராவைக் கிராம மக்கள் 'பருப்பு மாத்தயா' என அழைத்தனர். கலாநிதிப் பட்டம் தராத மக்கள் நெருக்கத்தை அப்பெயர் தந்தது. 1935 டிசெம்பர் 18இல் இலங்கைச் சமசமாஜக் கட்சி உதயமாயிற்று. 1936இல் பெரேராவும் பிலிப் குணவர்த்தனவும் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். 1939 - 40 காலத் தோட்டத் தொழிலாளர் போராட்டங்களிற் கட்சி முன்னின்றது. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தையும், 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தையும் அது எதிர்த்தது.

எனினும் வரலாறு அங்கு நிற்கவில்லை. 1964இல் கட்சி கூட்டரசாங்கத்திற் சேர்ந்தது. 1970இல் அமைந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் பெரேரா நிதியமைச்சர். கொல்வின் அரசியலமைப்பு விவகார அமைச்சர். இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்து வேண்டும், இன்றேல் நாடு இரண்டாகும் என எச்சரித்த கொல்வினே, 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பை ஆக்குவதிற் பெரும்பங்கு கொண்டார். அது சிங்களத்தை அரசகரும மொழியாக உறுதிப்படுத்திற்று. பௌத்தத்துக்கு முதன்மை வழங்கிற்று. சிறுபான்மையினரின் காப்பாகக் கருதப்பட்ட சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவைக் கைவிட்டது. அதே அரசாங்கத்தின் காலத்திலே பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுத்தப்பட்டது. 1971இல் கிளர்ந்தெழுந்த கிராமப்புறச் சிங்கள இளைஞர், தரப்படுத்தலால் தாக்குண்ட தமிழ் இளைஞர் ஆகிய இரு தரப்பினருக்கும் முன்னே, ஒருகாலத்து இலண்டன் மாணவர் அரசாங்கத்தின் பிரதிநிதிகளாக நின்றனர். பாராளுமன்ற முறைகளை ஒப்பிட்டு ஆராய்ந்த கல்வி, பாராளுமன்றப் பெரும்பான்மையின் அழுத்தத்தைத் தாங்கும் வலிமையை அவர்களுக்கு அளிக்கவில்லை. இதற்குப் பொருளியற் கல்லூரியைக் குறைகூறுவதிற் பயனில்லை. 1935இன் பெருமையை அக்கல்லூரிக்கு உரியதாக்குவோர் 1972இன் பொறுப்பையும் அதற்கே உரியதாக்க வேண்டிவரும்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில உண்மைகள் புலனாகின்றன. தீவிர மாணவரைக் கல்லூரியின் 'சிவப்பு'ப் பெயர் உருவாக்கவில்லை. வகையற்றவனும் நுழையக்கூடிய வாயில், மாணவனைத் தன் வீட்டுக்குள் அழைக்கும் ஆசிரியர், அவ்வாசிரியரை அதே கட்டடத்தில் மறுத்துரைக்கும் இன்னோர் ஆசிரியர், நல்ல நூலகம், சுவர்களுக்கு வெளியே உழைக்கும் மக்களின் வாழ்வு ஆகியன ஒருங்கே கிட்டிய இடங்களில் அவர்கள் உருவாயினர். இவற்றுட் கடைசியானது எந்தக் கல்லூரிக்கும் சொந்தமானதன்று. மாணவன் தானே நடந்து சென்று அடைய வேண்டியது.

இலங்கையின் அரசாங்கப் பல்கலைக்கழகங்களை நாடும் இன்றைய மாணவனுக்குக் கல்லூரித் தெரிவு என்பது பெரும்பாலும் பெயரளவிலானது. இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் அவன் செல்ல வேண்டிய இடத்தைத் தீர்மானிக்கின்றன. விருப்பப் பட்டியலை நிரப்புவதோடு அவன் தெரிவு முடிவடைகின்றது. ஆயின் கட்டண உயர்வாற் பேர்க்லியை இழந்த ஜெயப்பிரகாஷும், மிஷன் கல்லூரியில் இருந்து வந்த பேரின்பநாயகமும் தமக்குக் கிட்டிய இடத்திலிருந்தே தொடங்கினர். எந்தக் கல்லூரியிற் கற்றார் என்பதைவிட, அங்கு யாருடன் கூடினார், எந்த மறுப்பைக் காதுகொடுத்துக் கேட்டார், மீண்டபின் யாருடைய பசியைத் தன் பசியாக எண்ணினார், அதிகாரம் கிட்டிய நாளிலும் அவ்வாறே எண்ணினாரா என்னும் வினாக்களே ஒருவரின் கல்வியை அளக்கும் கோல்களாகும். இவற்றுள் இறுதி வினாவுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் வழங்குவதில்லை. அதற்குரிய தீர்ப்பை மக்களே வழங்குகின்றனர்.